நடு நாற்காலி யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் இசை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. நல்ல ஒலியமைப்பில் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசையோடு புதிதாக வரும் இளையவர்கள் ஒரு பக்கம், அவர்களை எப்படி உட்காரவைத்துப் பேசுவது என்று புரியாமல் கையைப் பிசையும் பெரியவர்கள் மறுபக்கம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி இசைத்தட்டும் சிடியும் கேட்போம். மூன்று மாதங்களுக்கு முன் என் தங்கை மகனும் அவனுடைய நண்பனும் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எப்போது அழைத்தாலும் ‘வேலை இருக்கு மாமா’ என்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையா, எங்களிடம்தான் ஏதாவது குறையா?
– சிகாம்புட் வாசகர்

பதில்: குறை உங்களிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நண்பர் வீட்டில் இதே கதை என் கண்ணெதிரில் நடந்தது. அன்று நண்பரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி, கல்லூரி மாணவி, ஆசையோடு வந்திருந்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் போட்டிருந்த, கைப்பிடித் தோல் தேய்ந்து வெளுத்துப்போன சாய்வு நாற்காலியில் வழக்கம்போல் வீட்டுக்காரர் அமர்ந்தார். சோபாவை நாங்கள் பிடித்துக்கொண்டோம். அவளுக்குச் சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலி வந்தது. அதை வலப்பக்க ஸ்பீக்கரை ஒட்டிச் சுவரோரமாகப் போட்டார்கள். நாற்பது நிமிடம் நாங்கள் கேட்டதெல்லாம் ஒலியமைப்பைச் சோதிப்பதற்கென்றே ஒவ்வொருவரும் வைத்திருக்கும் அதே நான்கு தட்டுகள்தான். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னுரையாக ஒரு விலைப்பட்டியலும் வந்தது. கடைசியில் அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, “அங்கிள், நான் ஒரு பாட்டுப் போடலாமா?” என்று கேட்டாள். “இந்த செட்டுல போன் பாட்டெல்லாம் போட முடியாதும்மா” என்றார் நண்பர். போன் மறுபடியும் பைக்குள் போயிற்று. அந்த நேரத்தில் வாயில் கறிபாப்பை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த முக்காலியில் உட்கார்ந்து அவள் என்ன கேட்டிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே வெற்றிடத்தில் பாடகர் நிற்பதுபோல் தோன்றுவது, இரண்டிலிருந்தும் வரும் ஒலி ஒரே நேரத்தில் காதை அடைவதால்தான். ஒரு ஸ்பீக்கருக்கு 34 சென்டிமீட்டர் நெருங்கி உட்கார்ந்தாலே அதன் ஒலி ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி முந்திவிடும்; காது அந்தப் பக்கத்தையே நம்பி, பாடகரைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பெட்டிக்குள் அடைத்துவிடும். ஆக, பல்லாயிரம் வெள்ளி செலவழித்து நாம் அமைத்த அதிசயம் அந்த வீட்டில் ஒரே ஒரு இருக்கைக்குத்தான் கிடைக்கிறது. அந்த இருக்கையில் இருபது ஆண்டுகளாக அதைக் கேட்டுப் பழகியவர் உட்கார்ந்துகொண்டு, முதல்முறை வந்தவளைச் சுவரோரம் வைத்தால், அவள் காதுக்கு அது வெறும் பெரிய ரேடியோ. உங்கள் வீட்டில் மருமகன் எங்கே உட்கார்ந்தான் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள்.

அடுத்தது அந்தப் போன். என் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. மாட்டுவதற்கு அவரிடம் ஒயர் இல்லை. 2016 முதலே ஐபோன்களில் ஹெட்போன் துளை கிடையாது, இப்போது வரும் மற்றப் போன்கள் பலவற்றிலும் இல்லை. டைப்-சி முனையில் செருகும் கட்டைவிரல் அளவு டாக் (DAC, போனில் எண்களாக இருக்கும் பாட்டை ஆம்ப்ளிபையருக்குப் புரியும் மின்னலையாக மாற்றும் கருவி) ஒன்றையும், அதிலிருந்து ஆம்ப்ளிபையருக்குப் போகும் சிவப்பு வெள்ளை முனை கொண்ட இரண்டு மீட்டர் ஒயர் ஒன்றையும் வாங்கி மேசைமீது எப்போதும் வைத்திருங்கள். விருந்தாளி வருவதற்கு முன் தேநீருக்குப் பால் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தவனை நடு நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை முதலில் போடச் சொல்லுங்கள். தெரியாத பாட்டில் எவ்வளவு நுணுக்கம் இருந்தாலும் புதியவருக்கு அது பிடிபடாது. நூறு முறை கேட்ட பாட்டில் இதுவரை காதில் விழாத ஒரு தாளத்தட்டோ, பாடகி மூச்சை இழுக்கும் சத்தமோ விழும்போதுதான் தலை நிமிரும். அந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிக்காத இரைச்சலாக இருக்கக்கூடும். ஐந்து நிமிடம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் நமக்கும் ஓர் ஆதாயம் உண்டு. அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி போட்டவுடன் மெல்லிதாகக் ‘கீ’ என்று கத்துமே, நினைவிருக்கிறதா? அது 15,625 ஹெர்ட்ஸ் ஒலி. சிறுவனாக இருந்தபோது பக்கத்து அறையிலிருந்தே எனக்கு அது கேட்கும். இன்று காதருகே வைத்தாலும் கேட்காது. அறுபதை எட்டிய பெரும்பாலோருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் சரியாகக் கேட்பதில்லை. அது தெரியாமலேயே நாம் டிரெபிளை, அதாவது கீச்சென்ற உச்ச ஒலிகளை, கூட்டி, ஒலியளவையும் கூட்டி வைக்கிறோம், இருபது வயதுக் காது கூசுகிறது. “சத்தம் கூடுதலாக இருக்கிறதா, கூர்மையாகக் குத்துகிறதா?” என்று அவனிடமே கேளுங்கள். உங்கள் கூட்டத்தில் உள்ள அளவுகருவிகளிலேயே நம்பத்தக்கது அவன் காதுதான். விலைகளை மட்டும் அவனாகக் கேட்கும்வரை சொல்லாதீர்கள்.

கேள்வி: எனக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, செராஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறேன். இதுவரை இயர்போனில்தான் பாட்டுக் கேட்டேன். 800 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு பெரியவரிடம் ஆலோசனை கேட்டதற்கு, ஐயாயிரத்துக்குக் குறைந்து ஹை-ஃபை என்று எதுவும் கிடையாது, காசைச் சேர்த்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார். உண்மைதானா, சார்?
– செராஸ் வாசகர்

பதில்: உண்மையில்லை, தம்பி. அவர் முதன்முதலில் வாங்கிய செட்டு எது என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் யாரோ பயன்படுத்திக் கைமாற்றிவிட்டதாகத்தான் இருக்கும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கரும் பழைய ஆம்ப்ளிபையர் ஒன்றும் போதும். பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்குப் போகட்டும். ஆம்ப்ளிபையரின் வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும், ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்ற அளவுக்குத்தான் காதுக்குத் தெரியும். 87 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் ஒலியளவு) கொண்ட ஸ்பீக்கருக்கு உங்கள் அறையில் 20 வாட் தாராளம். ஸ்பீக்கர் ஒயருக்கு மின்சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியே போதும். அதைக் கேலி செய்பவர் இருந்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டின் ஒலியளவையும் சமமாக வைத்து, எது விலையுயர்ந்த கம்பி என்று சொல்லச் சொல்லுங்கள்.

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையைச் சுற்றிவிட்டு வாருங்கள். பழைய ஸ்பீக்கரைப் பார்த்தால் முன்துணியைக் கழற்றிக் காட்டச் சொல்லி, கூம்பின் விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். விளிம்பு நுரைப்பஞ்சாக இருந்தால் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிசுபிசுத்து, பழைய பிஸ்கட்போல் உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் உழைக்கும். உதிர்ந்த விளிம்பை மாற்றி ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள்; அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

ஆம்ப்ளிபையரை வாங்குவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் விற்கும் பழைய சாமான்களில் பல ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டவை. அவற்றில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் சுவரில் இருப்பதோ 240 வோல்ட். உங்கள் வயதில் அதைப் படிக்காமல் நேரே செருகினேன். ‘உம்ம்’ என்று ஒரு கனத்த உறுமல், அடுத்து வார்னிஷ் கருகும் வாடை, முடிந்தது கதை. இரண்டு மாதச் சேமிப்பு நான்கு விநாடியில் போயிற்று. விற்றவர் எச்சரிக்கவில்லை என்று வெகுகாலம் பொருமிக்கொண்டிருந்தேன். எழுதியிருந்ததைப் படிக்காதவன் நான்தான். 100 வோல்ட் சாமானை வாங்குவதென்றால் 240-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் தேவை. பின்பக்கத்தில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக அது இருக்கட்டும். இடி இடிக்கும் மாலைகளில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

வாங்கியாயிற்று என்றால், இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சம முக்கோணத்தின் மூன்று மூலைகளாக இருக்கும்படி வையுங்கள். சிறிய கூம்பு, அதாவது டுவீட்டர், காது உயரத்துக்கு வரட்டும். அறை நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டினால் ‘டிங்’ என்று எதிரொலிக்கிறதா? தரை டைல்ஸ் பதித்த நம் வீடுகளில் அநேகமாக எதிரொலிக்கும். ஒரு கனமான கம்பளமும் ஜன்னலுக்கு ஒரு தடித்த திரையும், ஆயிரம் ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் ஆம்ப்ளிபையரைவிட அதிகமாக ஒலியைத் திருத்தும்.

கேள்வி: காலமான என் தந்தையின் அலமாரியைத் திறந்தபோது ஐம்பதுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளும் ஒரு டர்ன்டேபிளும் கிடைத்தன. என் மகள், 17 வயது, தாத்தாவின் பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உடைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: தட்டுகள் பல பத்தாண்டுகள் தாங்கியவை, மகளின் கையையும் தாங்கும். கீறல் விழுந்தாலும் விழட்டும், அலமாரியில் பூசணம் பிடித்துக் கிடப்பதைவிட அது மேல்.

முதலில் தட்டுகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கனமாக, விரலால் சுண்டினால் ஓட்டுச் சில்லு போல் ஒலிப்பவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகள். அரக்குக் கலந்து செய்தவை, கீழே விழுந்தால் நொறுங்கும். வளைந்துகொடுப்பவை 1948-க்குப் பிறகு வந்த 33⅓ சுற்று எல்.பி.களும் 45 சுற்றுச் சிறு தட்டுகளும். 78-இன் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அடியில் கிடக்கும் தூசியைத்தான் சுரண்டும். அவற்றுக்குத் தனி ஊசி கிடைக்கும்வரை எல்.பி.யோடு நிறுத்திக்கொள்ளட்டும். எல்.பி.யைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நடுவிலுள்ள காகிதம் நனையாமல், பள்ளம் போகும் திசையிலேயே மென்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தலாம். ஸ்பிரிட் கலந்த கழுவுநீரை 78 தட்டின் அருகேகூடக் கொண்டுபோக வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். அக்காலத் தமிழ்ப் படப்பாடல் தட்டுகள் பல கல்கத்தாவை அடுத்த டம் டம் தொழிற்சாலையில் அச்சாகிக் கப்பலேறி இங்கே வந்தவை. தட்டின் நடுக் காகிதத்தைப் படித்துக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பயணக்கதை பிடிக்கும்.

ஊசியைப் புதிதாக மாற்றிவிடுங்கள். ஊசியின் பாரம் வழக்கமாக ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம். பாட்டுத் தாவினால் ஊசி மாட்டிய தலைப்பகுதியின்மேல் ஐந்து காசு நாணயம் வைப்பது நம் வீடுகளில் பழைய வைத்தியம். அது பாரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கித் தட்டைத் தேய்த்துவிடும், அதை மட்டும் மகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஊசியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான் என்பதால், ஆம்ப்ளிபையரில் ‘ஃபோனோ’ என்று குறித்த இடத்தில்தான் மாட்ட வேண்டும்; மற்ற இடத்தில் மாட்டினால் கொசு பாடுவதுபோல் கேட்கும்.

இன்னொன்று. பாட்டு இழுவையாக, குரல் கனத்துக் கேட்டால், தட்டைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரத்தின் அலைவெண்ணை வைத்து ஓடும் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்யப்பட்டிருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்று 28-க்கும் கீழே இறங்கிவிடும். சுருதிக் கணக்கில் அது மூன்று ஸ்வரஸ்தானம்; ஐந்து கட்டையில் பாடிய அம்மையார் மூன்று கட்டைக்கு இறங்கி ஆண்குரலில் பாடுவார். வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரால் இதைச் சரிசெய்ய முடியாது. மோட்டாரின் உருளையை மாற்ற வேண்டும்.

கேள்வி: போனில் கேட்கும் பாட்டு சிடியைவிடத் தரம் குறைந்ததா?
– செந்தூல் வாசகர்

பதில்: இழப்பில்லாத வடிவில் ஒலிபரப்பும் சேவை என்றால் இல்லை. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற சிடியின் அதே கணக்கு அப்படியே வருகிறது. புளூடூத்தில் அனுப்பும்போதுதான் அதைச் சுருக்குகிறார்கள், ஒயரில் கேளுங்கள்.

கேள்வி: நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பொறியாளராக இருக்கிறேன். ஆம்ப்ளிபையர் வாங்கப் போனபோது என் தம்பியைத் துணைக்கு அழைத்துச் சென்றேன். கேள்வி கேட்டது நான், கடைக்காரர் பதில் சொன்னது தம்பிக்கு. ஒரு கூட்டத்திற்குப் போனபோதும், ‘கணவருக்காக வந்தீங்களாம்மா’ என்றார்கள். இதற்கு என்ன செய்யலாம்?
– பினாங்கு வாசகி

பதில்: நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, கடையை மாற்றுவதைத் தவிர. தவறு எங்கள் தலைமுறையுடையது, அது பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கூட்டம் நடத்தும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை: வந்தவரிடம் ‘யாரோடு வந்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், ‘என்ன கேட்பீர்கள்’ என்று கேளுங்கள். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் காலையிலேயே போய் நல்ல தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போகும் பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் தங்களுக்குள் கூடிக் கேட்கிறார்கள், எங்களை அழைப்பதில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: கொண்டோவில் குடியிருக்கிறோம். மகன் ஸ்பீக்கர் வாங்கியதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விற்றுவிடச் சொல்லலாமா?
– செத்தாப்பாக் வாசகி

பதில்: விற்க வேண்டாம், நகர்த்தச் சொல்லுங்கள். 50 ஹெர்ட்ஸ் அடித்தள ஒலியின் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். திரையும் பஞ்சும் அதைத் தடுக்காது. ஸ்பீக்கரைப் பொதுச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றி, அடியில் கனத்த ரப்பர் வைத்து, அடித்தள ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி தனியாக இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் அதை அணைத்துவிடட்டும். அதற்கு முன், மகனையே பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, எந்த நேரத்தில் தொந்தரவாக இருக்கிறது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கையில் முறுக்கோடு போனால் இன்னும் நல்லது.

கேள்வி: எனக்கு 68 வயது. நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த சாமான்கள் ஓர் அறை நிறைய இருக்கின்றன. பிள்ளைகள் மூவருக்கும் இதில் துளியும் நாட்டம் இல்லை. எனக்குப் பிறகு இவையெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தானா?
– அம்பாங் வாசகர்

பதில்: நாட்டத்தை ஊட்ட முடியாது, ஐயா. நானும் என் மகனிடம் முயன்று தோற்றவன், அவனுக்குக் கால்பந்து. ஆனால் மேலே எழுதியிருக்கும் செராஸ் தம்பியைப் போன்றவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பயன்படுத்தாமல் அடுக்கி வைத்திருக்கும் சாமான்களில் ஒரு ஆம்ப்ளிபையரையும் ஒரு ஜோடி ஸ்பீக்கரையும் அப்படி ஒருவருக்கு ஆறு மாதம் இரவல் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வந்தால் சாமான் வரும், வராவிட்டால் அவர் வருவார்; கேட்பதற்கு அவருக்கு நூறு சந்தேகம் இருக்கும்.

மீதிக்கு இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் தடித்த எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எந்த ஆண்டு வாங்கியது, எதைப் பழுது பார்த்தது, எதனோடு சேர்த்து மாட்ட வேண்டும் என்று. ஜப்பான் சாமான்களுக்குச் சிவப்பு மையில், மின்கம்பியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்: ‘100 வோல்ட். நேரே சுவரில் செருகாதே. டிரான்ஸ்ஃபார்மர் கீழ்த்தட்டில் இருக்கிறது.’